ரெண்டாவது ரிவியூ

என் பேத்தி இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு ஈசிசேரில் சாய்ந்திருந்தவனை எழுப்பி, "தாத்தா, வெள்ளிக்கிழமை எனக்கு ரெண்டாவது ரிவியூ. நீங்க கிளையன்ட் மாதிரி உட்காருங்க, நான் ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிறேன்" என்றாள்.

விஷயம் இதுதான். அவளும் இன்னும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து முத்தியால்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குச் சரக்குக் கணக்கு வைக்கிற செயலி ஒன்றைச் செய்கிறார்கள். கடைக்காரர் நிஜமான ஆள், சரக்கும் நிஜம். வருடம் முடிவதற்குள் மூன்று முறை ஆசிரியர்கள் முன்னால் எழுந்து நின்று, இதுவரை எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் ரிவியூ.

கிளையன்ட் என்ற சொல் எனக்குக் கொஞ்சம் இடித்தது. வக்கீலிடம் போனால் கட்சிக்காரர், கடைக்குப் போனால் வாடிக்கையாளர், எங்கள் ஆபீசுக்கு வந்தால் மனுதாரர். படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவருக்குத் தமிழில் இன்னும் பெயர் வைக்கவில்லை போலிருக்கிறது. இங்கே 'வேலை கொடுத்தவர்' என்றே எழுதிவிடுகிறேன்.

ரெண்டாவது ரிவியூ என்று அவள் சொன்னதும் எனக்கு 1997 ஞாபகம் வந்தது. ஒருமுறை நானே அந்த வேலை கொடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் ஒரு ஃபைலை எடுத்தால் முதல் பக்கத்திலிருந்து புரட்டுவது குமாஸ்தா புத்தி. நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்கு 'ப்ரொழெ' கொடுத்து வேலை வாங்கும் பழக்கத்தின் வேர் கட்டடக்கலையில் இருக்கிறது. பாரிஸில் 1671-ல் அரச கட்டடக்கலை அகாதெமியைத் தொடங்கியவர் பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேர். இந்தப் பெயர் நம்மூருக்கு அந்நியமில்லை. 1664-ல் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான். அந்தக் கம்பெனியின் ஆளாக பிரான்சுவா மர்த்தேன் 1674-ல் இங்கே வந்து இறங்கப் போய்த்தான், என்னைப் போன்றவர்கள் எங்கள் முன்னோர்கள் கோல்வாக்கள் என்று பாடம் படிக்க நேர்ந்தது.

அந்த அகாதெமியிலும், அதற்குப் பின் வந்த எக்கோல் தெ போசார் என்ற பள்ளியிலும் மாணவர்களுக்கு ஒரு தலைப்புக் கொடுப்பார்கள். ஒரு சந்தை வரை, ஒரு பாலம் வரை, ஒரு மாளிகை வரை. குறித்த நேரத்தில் படத்தை ஒப்படைத்தாக வேண்டும். படங்களை வாரிக்கொண்டு போக ஒரு கைவண்டி வரும். பிரெஞ்சில் அதற்கு 'ஷாரெத்' என்று பெயர். வண்டி நகர்ந்த பிறகும் பின்னாலேயே ஓடிக் கோடு போட்டுக்கொண்டிருப்பார்களாம். கட்டடக்கலை படிக்கிறவர்கள் கடைசி நேர ராத்திரி வேலைக்கு இன்றைக்கும் ஷாரெத் என்றுதான் சொல்கிறார்கள். வைசியாள் வீதித் திண்ணைகளில் டேப் பிடித்து அளந்துகொண்டிருக்கும் பிள்ளைகளைக் கண்டால் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

எல்லாம் சரி, ஆனால் அந்தச் சந்தையும் மாளிகையும் கற்பனை. அதைக் கேட்டு ஒருவரும் காத்திருக்கவில்லை. தவிர, நடுவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். வரைந்தவன் வெளியே நின்றான். படம் பேசலாம், பையன் பேசக்கூடாது.

இரண்டு குறையும் தீர்ந்தது ரொம்பப் பிந்தி, அமெரிக்காவில். கலிபோர்னியாவில் கிளேர்மான்ட் என்ற ஊரில் ஹார்வி மட் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஜாக் ஆல்ஃபோர்டு, மேக் கில்கெசன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1963-ல் 'கிளினிக்' என்ற பெயரில் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். வைத்திய மாணவன் நிஜமான நோயாளியைப் பார்த்துப் படிக்கிறானே, இன்ஜினியரிங் மாணவன் மட்டும் ஏன் புத்தகக் கணக்கைப் போட்டே காலம் தள்ள வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஒரு கம்பெனி தன்னுடைய உண்மையான சிக்கல் ஒன்றைக் கட்டணத்தோடு கொண்டுவரும். நான்கைந்து மாணவர்கள், அவர்களில் ஒருவர் தலைவர், மேலே ஒரு பேராசிரியர். கம்பெனியின் தரப்பில் தொடர்புக்கு ஓர் ஆள். வருடம் முழுக்க அவருக்கு வேலையின் நிலவரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் எல்லோர் முன்னாலும் நின்று பேச வேண்டும்.

1963 நமக்கும் ஒரு கணக்கு. அந்த வருடம் ஜூலை 1-ந் தேதி புதுச்சேரி யூனியன் பிரதேசமாகி, குபேர் முதலமைச்சரானார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

கிளினிக் என்ற பெயரைப் பார்த்தபோது இன்னொன்றும் தோன்றியது. வைத்திய மாணவன் கட்டில் அருகே நின்று, இவருக்கு இத்தனை நாளாகக் காய்ச்சல், இன்ன மருந்து கொடுத்தோம், இன்ன மாற்றம் தெரிகிறது என்று பெரிய டாக்டரிடம் ஒப்பிப்பதும் ஒரு நிலவர அறிக்கைதான். நம்மூரில் அந்தப் படிப்புப் பழையது. ஜிப்மரின் பூர்வீகம் 1823-ல் தொடங்கிய பிரெஞ்சு வைத்தியப் பள்ளி. என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது காலை வேளையில் இதை நானே பார்த்திருக்கிறேன். பத்துப் பேர் சூழ்ந்து நின்று அவள் உடம்பைப் பற்றி இங்கிலீஷில் பேசுவார்கள். அவர்கள் போனதும் அம்மா என்னைப் பார்த்து, "என்னடா சொல்றாங்க?" என்பாள்.

நம் நாட்டுக்கு வருவோம். பிலானியில் உள்ள பிட்ஸ் கல்லூரி 1973-ல் 'பிராக்டிஸ் ஸ்கூல்' என்று ஒன்றைத் தொடங்கி, மாணவர்களைத் தொழிற்சாலைகளுக்கே அனுப்பி அங்குள்ள வேலையைச் செய்யவைத்தது. ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த விஷயத்தில் முதலில் ஞாபகம் வரவேண்டியது குரோம்பேட்டை எம்.ஐ.டி. சி. ராஜம் என்ற தனிமனிதர் தன் வீட்டை விற்று 1949-ல் தொடங்கிய கல்லூரி அது. 1950-களில் அங்கே படித்த ராமேஸ்வரத்துப் பிள்ளை ஒருவர், பின்னாளில் ஜனாதிபதியாகி, தன் சுயசரிதையான 'அக்கினிச் சிறகுகள்' நூலில் இதை எழுதியிருக்கிறார்.

கலாமுக்கும் கூடப் படித்த நான்கு பேருக்கும் தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் வேலை கொடுத்தார்கள். காற்றியக்கத்துக்கு ஏற்ற வடிவத்தை வரைவது கலாம் பங்கு. உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் எல்லாம் மற்றவர்கள் பங்கு. ஒருநாள் அப்போதைய இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன் வந்து நிலவரம் பார்த்தார். படு மோசம் என்றார். கலாம் ஒரு மாத அவகாசம் கேட்டார். அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலைக்குள் படம் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உதவித்தொகை நின்றால் படிப்பும் நின்றது, அவ்வளவு கஷ்டப்பட்ட குடும்பம். இராத்திரி சாப்பாட்டையும் விட்டுவிட்டு வரைபலகையில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்னால் யாரோ நிற்பது போலிருந்து திரும்பிப் பார்த்தால், டென்னிஸ் உடையோடு பேராசிரியர். வேலை முடியும் தறுவாயில் இருந்தது. முதுகில் தட்டிக் கொடுத்தார்.

இந்தக் கதையை எல்லோரும் பிள்ளைகளுக்கு விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி சம்மதமில்லை. உதவித்தொகையை நிறுத்துவேன் என்று ஏழைப் பிள்ளையை மிரட்டுவது என்ன பாடம்? ஆனால் ஞாயிற்றுக்கிழமை விளையாடிவிட்டு வீட்டுக்குப் போகாமல் அங்கே வந்து பார்த்தாரே, அதை நான் விடாமல் சொல்வேன். திங்கட்கிழமை மேசைக்கு வரட்டும் என்று இருக்காமல், வேலை நடக்கிற இடத்துக்கே வந்து நின்றார். நான் பணி செய்த 39 வருடத்தில் அப்படி வந்து நின்ற அதிகாரிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அதே எம்.ஐ.டி. வளாகத்தில்தான், அது அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பிறகு, 'அனுசாட்' என்ற செயற்கைக்கோள் உருவானது. இங்கே இஸ்ரோவே வேலை கொடுத்தவர். அதன் வழிகாட்டுதலில் ஓர் இந்தியப் பல்கலைக்கழகம் செய்த முதல் செயற்கைக்கோள் அது. எடை 40 கிலோ. ஒரு இடத்தில் செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு, இன்னொரு இடத்தின் மேலே போகும்போது அதைக் கொடுத்துவிட்டுப் போகும், நம் தபால்காரர் மாதிரி. 2009 ஏப்ரல் 20-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் போனது. அடுத்த ஆண்டு ஜூலையில் கர்நாடகா, ஆந்திரா பக்கத்து ஏழு கல்லூரி மாணவர்கள் சேர்ந்து செய்த ஒரு கிலோகூட இல்லாத 'ஸ்டட்சாட்' போனது. 2011-ல் எஸ்.ஆர்.எம். மாணவர்களுடையது. இந்த வேலையில் கோளாறை மறைத்து 'எல்லாம் சரி' என்று பேசிவிட்டு வருவதற்கு இடமே கிடையாது. மேலே போன பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பின்னால் ஓட முடியாதே. பூமியில் செய்கிற வேலைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லாததுதான் கஷ்டம்.

இனி என் கதை. அதற்கும் முன்னால் ஒரு வார்த்தை, மொழியைப் பற்றி.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். மெத்ர் நாற்காலியை விட்டு எழாமலே ஒரு பெயரைச் சொல்லி, "ஓ தப்லோ!" என்பார். பெயருக்குரியவன் கரும்பலகைக்குப் போக வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பைப் பார்த்து நின்று, தெரிந்ததைச் சொல்ல வேண்டும். செர்த்திஃபிக்காவிலும் பிரெவேயிலும் 'ஒரால்' என்று வாய்மொழித் தேர்வே தனியாக உண்டு. எழுத்தில் நல்ல மார்க் வாங்கி ஒராலில் வாய் அடைத்துப் போய்த் தோற்றவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். ஆனால் அங்கே தனித்தனி ஆளாகத்தான் பேசுவோம். கூட்டாக ஒரு வேலையைச் செய்து கூட்டாகப் பதில் சொல்வது என்பதே கிடையாது. பிரான்சின் லிசேக்களில் அது வந்தது 2000-ஐ ஒட்டித்தான். அப்புறம் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது 2021-லிருந்து 'கிராந்தொரால்' என்று 20 நிமிட வாய்மொழித் தேர்வு வைத்திருக்கிறார்கள். நம்மூர் பிரெஞ்சு லிசேயில் படித்த என் தம்பி பேரன் அதற்காகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினான்.

1956-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தில், மக்கள் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யாதவரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அதை நம்பித்தான் என் அப்பா என்னைப் பிரெஞ்சில் சேர்த்தார். 1971-ல் நான் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தபோது ஆபீஸ் முழுக்க இங்கிலீஷ். ஒரு கூட்டத்தில், உன் செக்ஷனில் எத்தனை நிலுவை என்று கேட்டார்கள். எண்ணிக்கை எனக்குத் தெரியும். நாக்கில் பிரெஞ்சு வந்தது, பிறகு தமிழ் வந்தது, இங்கிலீஷ் வரவில்லை. பக்கத்தில் இருந்த சீனியர் எழுந்து ஒரு தப்பான எண்ணிக்கையை நல்ல இங்கிலீஷில் சொன்னார். குறித்துக்கொண்டார்கள்.

1997-க்கு வருகிறேன். எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன். ஓய்வூதியக் காகிதங்கள் வந்துபோகிற ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்ப்யூட்டர் வந்து, பிளாஸ்டிக் உறைக்குள், செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டிய பொருளாக ஏ.சி. அறையில் இருந்தன. எம்.சி.ஏ. படிக்கும் நான்கு மாணவர்கள் தங்கள் ப்ராஜெக்டுக்காக வந்தார்கள். எந்த ஓய்வூதியக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று காட்டும் ஒரு புரோகிராமை ஃபாக்ஸ்ப்ரோவில் செய்து கொடுப்பதாக ஏற்பாடு. பழைய சர்வீஸ் புத்தகங்களின் முதல் பக்கங்கள் பிரெஞ்சில் இருக்கும். செக்ஷனில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். மேலதிகாரி என்னைக் காட்டி, இவர் சொல்வார் என்று விட்டுவிட்டார். இப்படித்தான் நான் வேலை கொடுத்தவர் ஆனேன்.

முதல் நாளே அவர்கள் சரியான கேள்வியைக் கேட்டார்கள்: ஒரு கோப்பு இங்கே வந்தால் எப்படிப் போகும்? நான் ஏழு படி சொன்னேன். தபாலில் பதிவு, செக்ஷன், சர்வீஸ் சரிபார்ப்பு, கணக்கு, கண்காணிப்பாளர், அதிகாரி, ஆணை. விதிப்புத்தகப்படி அது சரி. ஒரு கோப்பாவது அப்படி நேராகப் போனதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பாதிக்குப் பாதி கொர்ரி போட்டுத் திரும்பி வரும். திரும்பி வந்த கோப்பு யார் கணக்கிலும் வராது, பீரோவுக்கு மேலே போய்விடும். ஏன் இதைச் சொல்லவில்லை? மேலதிகாரி பக்கத்து நாற்காலியில் இருந்தார். வந்த விருந்தாளிக்கு ஒழுகுகிற மூலையைக் காட்டமாட்டோமே, அந்த மாதிரி ஒரு வெட்கம்.

நான்கு பேரில் தலைவன் டவுன் பையன். நல்ல இங்கிலீஷ், நல்ல சட்டை. இன்னொருவன் பாகூர் பக்கத்துக் கிராமம். பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். முதல் பஸ்ஸில் வந்து, விவரங்களை ஏற்றுவதற்காக வாரக்கணக்கில் எங்கள் செக்ஷனிலேயே உட்கார்ந்திருந்தவன் அவன்தான். மற்ற மூவர் முதல் வாரத்துக்குப் பிறகு எப்போதாவது எட்டிப் பார்ப்பார்கள். புரோகிராமும் முக்காலே மூணுவீசம் அவன் எழுதியது என்று எனக்குப் பிறகு தெரிந்தது.

முதல் ரிவியூவில் தலைவன் பேசினான். நான் தலையாட்டினேன்.

இரண்டாவது ரிவியூ எங்கள் ஆபீஸ் மாடியிலேயே நடந்தது. வெள்ளைச் சுவரில் ஓ.எச்.பி. ஷீட் போட்டுக் காட்டினார்கள். மேலதிகாரி, கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியர், நான், நான்கு மாணவர்கள். கீழே வராண்டா பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே உட்கார்ந்திருப்பது எங்களுக்குப் பழகிப் போயிருந்தது. கணவர் பிரெஞ்சுக் காலத்தில் பியூனாகச் சேர்ந்து, ஓய்வு பெற்று, முந்தைய வருடம் காலமானவர். குடும்ப ஓய்வூதியத்துக்கு இந்த அம்மாள் மனு கொடுத்து மூன்று முறை கோப்பு திரும்பியிருந்தது.

காரணம் பெயர். புதுவைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். முத்து என்று ஒரு பெயர். எத்தா சிவில் காகிதத்தில் எம், ஓ, யு, டி, டி, ஓ, யு. ரேஷன் கார்டில் எம், யு, டி, எச், யு. பார்க்கிற குமாஸ்தாவுக்கு இரண்டும் இரண்டு பேர். போதாததற்கு, பிரெஞ்சுக் கலியாணப் பதிவில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான் இருக்கும். ரேஷன் கார்டில் புருஷன் பெயர். மனு கொடுத்தவரும் கலியாணப் பதிவில் உள்ளவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் தருக என்று கொர்ரி போட்டு அனுப்புவார்கள். அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கொர்ரி என்றால் என்னவென்று அவருக்குச் சொன்னவரும் கிடையாது.

மாடியில் தலைவன் சொன்னான்: எல்லா விவரங்களும் ஏற்றியாகிவிட்டது, எண்பது சதவீதம் வேலை முடிந்தது, ஏழு படிகளும் ஓடுகின்றன. மேலதிகாரி திருப்தியாகப் பேனாவை மூடினார். பேராசிரியர் என்னைப் பார்த்து, "கிளையன்ட் தரப்பில் ஏதாவது உண்டா?" என்றார். நான் "எல்லாம் சரி" என்றேன்.

பாகூர்ப் பையன் எழுந்தான். இங்கிலீஷில் இரண்டு வார்த்தை ஆரம்பித்தான், நின்றுவிட்டது. "சார், தமிழ்ல சொல்லலாமா?" என்றான். ரிவியூ இங்கிலீஷில்தான் என்றார் பேராசிரியர், கடுமையாக இல்லை, விதியைச் சொல்கிற குரலில். மேலதிகாரியும் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், தமிழ் தெரியாது. பையன் உட்காரப் போனான். 1971-ல் நான் உட்கார்ந்த மாதிரியே. "அவன் சொல்லட்டும், நான் இங்கிலீஷில் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். என்ன சொல்லப் போகிறான் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது எனக்கே நிச்சயமில்லை.

"கீழ ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. அவங்க எங்க புரோகிராம்ல ரெண்டு ஆளா வராங்க. பேருக்கு ஒரு கட்டம்தான் வச்சிருக்கோம்" என்றான். மொழிபெயர்த்தேன். "அவங்க ஃபைல் எங்க இருக்குன்னு போட்டுப் பாத்தா மூணாவது படியில இருக்குன்னு காட்டுது. ஆனா அது மூணாவது படியில இல்ல. பீரோ மேல இருக்கு. நானே பாத்தேன்." அதையும் மொழிபெயர்த்தேன். அப்புறம் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "ஏழு படின்னு சார்தான் சொன்னாரு. மூணு வாரமா இங்கதான் இருக்கேன், ஒரு ஃபைல்கூட அப்படிப் போகல. திரும்பி வர்றத எங்க எழுதறதுன்னு அவரு சொல்லவே இல்ல."

இதையும் நான்தான் இங்கிலீஷில் சொல்லியாக வேண்டும். "திஸ் ஜென்டில்மேன் டோல்ட் அஸ்" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன். நிறுத்தி, "ஐ டோல்ட் தெம்" என்று மாற்றி, முழுவதையும் சொன்னேன்.

மேலதிகாரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, திரும்பி வந்த கோப்புகள் மொத்தம் எத்தனை என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று சாயந்திரம் ஏணி போட்டு பீரோக்களின் தலையிலிருந்து இறக்கி எண்ணினோம். 60-க்கு மேல் இருந்தது.

இதற்குப் பின் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். பேராசிரியர் அந்த ரிவியூவுக்குக் குறைந்த மார்க் போட்டார். நான்கு பேருக்கும் சேர்த்துத்தான் மார்க். தலைவன் சைக்கிள் ஸ்டாண்டில் பாகூர்ப் பையனோடு பேசாமல் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு மாதம் கூடுதல் அவகாசம் கிடைத்தது. பையன் பெயருக்கு இரண்டு கட்டம் வைத்தான், பிரெஞ்சுக் காகிதப்படி ஒன்று, இப்போதைய காகிதப்படி ஒன்று. 'திரும்பியவை' என்று ஒரு பக்கம் சேர்த்து, அதில் காரணமும் தேதியும் எழுதினால்தான் அடுத்த வேலைக்குப் போகவிடும்படி செய்தான். அந்தப் பக்கத்துக்காக நானும் பத்து நாள் அவனோடு உட்கார்ந்தேன். கடைசி வைவாவில் தன் பகுதியைத் தானே இங்கிலீஷில் பேசினான். தப்பும் தவறுமாக, நாலே நிமிடம். நான்கு பேரும் தேறினார்கள்.

புரோகிராம் இரண்டு வருடம் ஓடியது. பிறகு மெஷின் மாறியது, புது மெஷினில் அது ஓடவில்லை, நாங்களும் பழையபடி ரிஜிஸ்டருக்குப் போனோம். அந்த அம்மாளுக்குப் பணம் வந்தது அடுத்த பொங்கல் கழித்து, நிலுவையோடு. வாங்கிக் கொடுத்தது புரோகிராம் இல்லை. நோட்டரியிடம் எழுதி வாங்கிய ஒரு உறுதிமொழிப் பத்திரமும், இரண்டு பெயரும் ஒருவரே என்று பிரெஞ்சுப் பதிவைப் படித்து நான் போட்ட ஒன்றரைப் பக்கக் குறிப்பும்தான். அந்தக் குறிப்பை முதல் கொர்ரி வந்த அன்றே நான் எழுதியிருக்கலாம். அவர் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து, "அய்யா நல்லா இருக்கணும்" என்றார். கோப்பு ஐந்து மாதம் எங்கே இருந்தது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய ஞாயிறு, பேத்தி பத்து நிமிடம் பேசினாள். ஸ்லைடு எல்லாம் அழகாக இருந்தது. சரக்கு வருகிறது, ஏறுகிறது, விற்கிறது, கழிகிறது. நான் ஒன்று கேட்டேன்: "வாங்கிட்டுப் போனவங்க புடவையைத் திருப்பிக் கொண்டாந்தா கடைக்காரர் எங்கம்மா எழுதுவார்?"

"அவர் அதைப் பத்திச் சொல்லவே இல்லையே தாத்தா."

"கடையில எத்தனை நாள் உக்காந்தீங்க?"

"ஒரு மத்தியானம்."

திங்கட்கிழமை கல்லூரி விட்டதும் நேராக முத்தியால்பேட்டைக்குப் போய், இரவு எட்டரைக்குத்தான் வீட்டுக்கு வந்தாள். கடைக்காரர் திரும்பி வரும் துணிகளைத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் குத்தி வைத்திருக்கிறாராம். மூன்று வருடத்துத் தாள் இருக்கிறதாம் அந்த ஆணியில்.